அதிராத தீவில் இருந்து உலகையே கண்காணித்தவர்: யார் இந்த ஜான் மில்ன்?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மாடி மேல் மாடி எழுப்பும்போது பலருக்கும் நிலநடுக்கம் பற்றிய நினைப்பே வராது. அதெல்லாம் ஜப்பான்ல, குஜராத்ல வர்றது என்றுதான் தோன்றும். ஆனால் 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோவை வட்டாரமே குலுங்கியது. அதன் அளவு சுமார் 6 என்று பின்னாளில் கணக்கிடப்பட்டது. திருப்பூர் அப்போது கோவை ஜில்லாவில்தான் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்கு நிலநடுக்கப் பதிவுக் கருவி வந்துவிட்டது. அதை வடிவமைத்தவர் ஜான் மில்ன்.

1850ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்த மில்ன், படித்தது சுரங்கவியல். பேராசிரியர் வேலைக்காக 1875ல் ஜப்பானுக்குக் கிளம்பினார். சைபீரியா வழியாகப் பெரும்பாலும் தரை மார்க்கமாகவே போய்ச் சேர்ந்தார். 1880ல் யோகோஹாமா அதிர்ந்ததும், உலகின் முதல் நிலநடுக்கவியல் சங்கம் அங்கே உருவாக முன்னின்றார். 1891ல் ஜப்பானில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பெரும் நிலநடுக்கத்தையும் நேரில் ஆராய்ந்தார்.

1895ல் தீ விபத்து. வீடு, நூலகம், கருவிகள் எல்லாம் போச்சு. அதே ஆண்டு ஜப்பானிய மனைவி டோனேயுடன் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் குடியேறினார்.

நிலமே அதிராத தீவில் நிலநடுக்க ஆய்வாளருக்கு என்ன வேலை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரிய நிலநடுக்கத்தின் அலைகள் பூமிக்குள் ஊடுருவி உலகம் முழுக்கப் பரவும். காலுக்குத் தெரியாத அந்த அசைவு கருவிக்குத் தெரியும். மில்னின் கருவியில் கிடைமட்ட ஊசல் ஒன்று இருந்தது. அதன் அசைவை ஒளிக்கீற்று புகைப்படத் தாளில் கோடாக வரையும்.

ஒரு கருவி போதாது. எங்கே அதிர்ந்தது என்று அறியப் பல ஊர்களின் நேரக்குறிப்புகள் வேண்டும். அதனால் உலகெங்கும் சுமார் 40 நிலையங்களை இணைத்தார். கொல்கத்தாவின் அலிப்பூர், மும்பையின் கொலாபா, கொடைக்கானல் ஆகியவையும் அதில் அடக்கம். இத்தகைய பதிவுகளை வைத்துத்தான் 1906ல் ஓல்டாம், பூமிக்குள் மையக்கரு இருப்பதைக் கண்டறிந்தார்.

1913ல் மில்ன் மறைந்தார். அவர் தொடங்கிய வேலை, அமைதியான ஊர்களுக்குத்தான் அதிகம் தேவை. அடிக்கடி அதிரும் ஊரில் மக்களே மறக்க மாட்டார்கள். நூறு வருஷத்துக்கு ஒருமுறை அதிரும் ஊரில் பதிவேடு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும். 2002ல் வெளியான நிலநடுக்க மண்டல வரைபடம் கோவையை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மாடி எழுப்பும் முன் இன்ஜினியரிடம் இதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.