கம்பெனிகளுக்கு நீடித்த வளர்ச்சியில் ஏன் அக்கறை? ஜாம்ஷெட்ஜி டாடாவின் வாழ்க்கை சொல்வது என்ன?

வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு மரம் நட்டிருப்பீர்கள். செல்ஃபியும் எடுத்திருப்பீர்கள். லாபத்துக்காக நடக்கும் கம்பெனிக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

'சட்டம் இருக்கு, அதனால செய்றாங்க' என்பது ஒரு பதில். ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே, யாரும் கட்டாயப்படுத்தாமல் இதில் இறங்கியவர் ஒருவர் இருந்தார். டாடா குழுமத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடா. அவர் ஏன் செய்தார்?

யார் இந்த ஜாம்ஷெட்ஜி?

1839 மார்ச் 3-ம் தேதி குஜராத்தின் நவ்சாரியில், பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1858-ல் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிப்பை முடித்து, அப்பா நுசர்வான்ஜியின் வியாபாரத்தில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஹாங்காங் போனார். அன்றைய பம்பாய் வணிகர்கள் பலரையும் போல, அந்தக் குடும்பமும் பருத்தியோடு அபினும் விற்றது. ஆக, ஆரம்பத்திலேயே அவர் மகான் ஒன்றும் இல்லை.

1868-ல் 21,000 ரூபாய் முதலோடு சொந்தக் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டு சிஞ்ச்போக்லியில் திவாலாகிக் கிடந்த எண்ணெய் ஆலையை வாங்கினார். அதைப் பருத்தி ஆலையாக மாற்றி, இரண்டே வருஷத்தில் லாபத்துக்கு விற்றார். கணக்கு தெரிந்த வியாபாரி.

நாக்பூரில் என்ன நடந்தது?

எல்லோரும் பம்பாயில் ஆலை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் நாக்பூருக்குப் போனார். பருத்தி விளையும் இடம் பக்கத்தில், ரயில் வசதியும் உண்டு. 1877 ஜனவரி 1-ல் எம்ப்ரஸ் மில் திறக்கப்பட்டது.

ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. ஆலை வேலை அவர்களுக்குப் புதுசு. கொஞ்ச நாள் வருவார்கள், அப்புறம் காணாமல் போய்விடுவார்கள். ஆளில்லாமல் மெஷின் நின்றால் நஷ்டம் முதலாளிக்குத்தான்.

ஜாம்ஷெட்ஜி ஆலைக்குள் காற்றோட்டத்துக்கு வழி செய்தார். ஈரப்பதம் தரும் கருவிகளையும் தீயணைப்புத் தெளிப்பான்களையும் பொருத்தினார். நாக்பூரின் வறண்ட வெயிலில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்; ஈரப்பதம் இருந்தால் அறுவது குறையும், வேலை செய்பவருக்கும் மூச்சு முட்டாது. 1886-ல் ஓய்வூதிய நிதி வந்தது. 1895-ல் விபத்து இழப்பீடு. நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததோ 1923-ல்தான்.

இது கருணையா, வியாபாரமா? இரண்டும்தான். தொழிலாளிக்குக் கிடைத்த நன்மையும் ஆலையின் லாபமும் ஒரே கணக்கில் வந்தன.

மின்சாரமும் படிப்பும்

பம்பாய் ஆலைகள் நிலக்கரியில் ஓடின. கரி தொலைவிலிருந்து வரணும், செலவு அதிகம், நகரமெல்லாம் புகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழைநீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டத்தை ஜாம்ஷெட்ஜி கையில் எடுத்தார். இன்றைய மொழியில் சொன்னால், புதுப்பிக்கத்தக்க ஆற்றல்.

மின்சாரமும் இரும்பும் வேண்டுமென்றால் அதற்குப் படித்தவர்கள் வேண்டும். 1898-ல் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காகத் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். இரும்பு ஆலைக்கு இடம்கூட முடிவாகாத 1902-லேயே, அங்கே வரப்போகும் ஊரில் அகலமான தெருக்கள், நிழல் மரங்கள், விளையாட்டு மைதானங்கள் வேண்டும் என்று மகன் தோராப்ஜிக்கு எழுதினார்.

இந்த மூன்றையும் பார்க்க அவர் இருக்கவில்லை. 1904 மே 19-ல் ஜெர்மனியின் பாட் நாவ்ஹைமில் காலமானார். 1909-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உருவானது. 1912-ல் இன்றைய ஜாம்ஷெட்பூரில் எஃகு உற்பத்தி தொடங்கியது. 1915-ல் கோபோலியிலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் வந்தது.

மறுபக்கம் என்ன?

அதே நீர்மின் திட்டங்களின் தொடர்ச்சியாக, புனே அருகே முல்ஷியில் டாடா கம்பெனி அணை கட்டத் தொடங்கியது. நிலமும் வீடும் மூழ்கும் நிலையில், 1921-ல் விவசாயிகள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். சேனாபதி பாபட் தலைமையேற்றார். இந்தியாவின் ஆரம்பகால அணை எதிர்ப்புப் போராட்டங்களில் இதுவும் ஒன்று. ஆனாலும் அணை எழுந்தது, கிராமங்கள் மூழ்கின. பம்பாய்க்குப் புகையில்லாத மின்சாரம் கிடைத்தது; விலையைக் கொடுத்தது முல்ஷி.

நாக்பூரில் தொழிலாளி போய்விட்டால் ஆலைக்கு நஷ்டம். முல்ஷியில் விவசாயி போனால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. கம்பெனியின் அக்கறை பெரும்பாலும் அதன் சொந்தக் கணக்கு எட்டும் தூரம் வரைதான் போகிறது. கணக்குக்கு வெளியே நிற்பவர்களுக்குச் சட்டமும் போராட்டமும்தான் துணை.

இன்று என்ன நிலைமை?

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அது சம்பாதித்த பிறகு செய்யும் செலவு. எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதைக் கேட்க வேறொரு ஏற்பாடு இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட கம்பெனிகள், தண்ணீர், ஆற்றல், மாசு, தொழிலாளர் பாதுகாப்பு பற்றி 2022-23 முதல் கட்டாயம் அறிக்கை தர வேண்டும் என்று செபி சொல்லியிருக்கிறது.

உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருந்தால், அறிக்கை இணையத்திலேயே கிடைக்கும். அடுத்த மரம் நடும் சனிக்கிழமைக்கு முன்னாடி அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நம்மோட நாக்பூர் எது, நம்மோட முல்ஷி எது என்று ஓரளவு புரிந்துவிடும்.