கார்ல் குஸ்டாவ் யுங்

கார்ல் குஸ்டாவ் யுங் (ஜூலை 26, 1875 – ஜூன் 6, 1961) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த உளநோய் மருத்துவரும், பகுப்பாய்வு உளவியல் என்னும் துறையின் நிறுவனரும் ஆவார். கூட்டு நனவிலி, மூலப்படிவம், அகமுகம், புறமுகம் ஆகிய கருத்துருக்களுக்காக இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும் இவருக்கு முதலில் பன்னாட்டுப் புகழைத் தேடித் தந்தது சொல் இணைவுச் சோதனை ஆகும். ஒரு சொல்லைக் கேட்டவுடன் மனதில் தோன்றும் முதற் சொல்லைக் கூறச் செய்து, அதன்வழி மறைந்திருக்கும் உணர்ச்சிகளை அறிய முயலும் முறை இது. நண்பர்கள் கூடும் இடங்களில் விளையாட்டாக நடத்தப்படும் பல ஆளுமைச் சோதனைகள் இம்முறையின் சாயலைக் கொண்டவை.

இளமையும் கல்வியும்

யுங் சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்திலுள்ள கெஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பவுல் யுங் ஒரு சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். தாயின் பெயர் எமிலி பிரைசுவெர்க். 1895 இல் பாசெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தந்தை காலமானார். படிப்பின் இறுதிக் கட்டத்தில் கிராஃப்ட்-எபிங் எழுதிய உளநோய் மருத்துவப் பாடநூலைப் படித்ததே அத்துறையை இவர் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. அக்காலத்தில் அது மருத்துவர்களிடையே அதிகம் மதிக்கப்படாத துறையாக இருந்தது.

1900 டிசம்பரில் சூரிக் நகரின் பூர்கோல்சிலி உளநோய் மருத்துவமனையில், ஆய்கன் பிளாய்லரின் கீழ் பணியில் சேர்ந்தார். 1903 இல் எம்மா ரவுசென்பாக் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்.

சொல் இணைவுச் சோதனை

சொற்களுக்கிடையிலான இணைவை ஆராய்ந்த முதல் மனிதர் யுங் அல்லர். இங்கிலாந்தின் பிரான்சிசு கால்ட்டன் 1879 இல் 75 சொற்களைக் கொண்டு தம் மனதையே சோதித்து முடிவுகளை வெளியிட்டிருந்தார். செருமனியில் வில்லெம் வுண்ட்டின் ஆய்வுகூடத்திலும் இத்தகைய சோதனைகள் நடைபெற்றன. அவர்கள் பெரும்பாலும் எந்தச் சொல் எந்தச் சொல்லுடன் இணைகிறது என்பதையே ஆராய்ந்தனர். மறுமொழி கூறத் தவறுவதையும் தயங்குவதையும் சோதனையின் குறைபாடுகளாகக் கருதினர்.

யுங்கும் அவருடன் பணியாற்றிய பிரான்சு ரிக்லினும் இக்குறைபாடுகளையே ஆய்வுப் பொருளாக்கினர். இவர்களது ஆய்வு முடிவுகள் 1904 முதல் வெளிவந்தன. சோதனை நடைபெற்ற முறை பின்வருமாறு:

1. மருத்துவர் 100 சொற்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். தலை, பச்சை, நீர், கப்பல், சன்னல் போன்ற எளிய சொற்களே பட்டியலில் இருந்தன.
2. சோதனைக்கு உட்பட்டவர் மனதில் தோன்றும் முதற் சொல்லை உடனே கூற வேண்டும். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் ஐந்தில் ஒரு நொடி வரை துல்லியமாக அளக்கப்படும்.
3. பட்டியல் முடிந்தபின் மீண்டும் அதே சொற்கள் படிக்கப்படும். முன்பு கூறிய மறுமொழிகளை நினைவிலிருந்து திரும்பக் கூற வேண்டும்.

மிகுந்த தாமதம், மறுமொழியே இல்லாமை, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதல், சிரிப்பு, இரண்டாம் முறை மறுமொழியை மறத்தல் ஆகியவை அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. இவ்வறிகுறிகள் சில குறிப்பிட்ட சொற்களைச் சுற்றியே திரள்வதை யுங் கண்டார். துயரம், அச்சம், காதல், குற்றவுணர்வு போன்ற உணர்ச்சி ஏறிய எண்ணங்களின் தொகுதி ஒன்று அங்கே தொடப்படுகிறது என்பது அவரது விளக்கம். இதனை அவர் சிக்கல் என்று அழைத்தார். ஒருவருக்குத் தாழ்வு மனப்பான்மைச் சிக்கல் உள்ளது என்பது போன்ற வழக்குகளில் இச்சொல் இன்றும் இப்பொருளிலேயே வழங்குகிறது.

தோலின் மின்தடை மாற்றத்தைக் கல்வனோமானி கொண்டு அளக்கும் சோதனைகளையும் இவர் இதனுடன் இணைத்தார். பிற்காலப் பொய் கண்டறியும் கருவிகளிலும் தோலின் மின்தடை அளக்கப்பட்டது.

குற்ற விசாரணையில் பயன்பாடு

மருத்துவமனையில் ஒரு செவிலியரின் பணப்பை களவு போனபோது, ஐயத்திற்குள்ளான மூன்று செவிலியர்களிடம் யுங் இச்சோதனையை நடத்தினார். களவுடன் தொடர்புடைய சொற்களைப் பொதுவான சொற்களுக்கிடையே கலந்து வைத்தார். ஒருவரிடம் மட்டும் அறிகுறிகள் மிகுதியாகக் காணப்பட்டன. அவர் பின்னர் களவை ஒப்புக்கொண்டார்.

ஆயினும் இம்முறை நீதிமன்றத்திற்கு ஏற்ற அளவு உறுதியானதன்று என யுங் எச்சரித்தார். களவின் விவரங்களை அறிந்த குற்றமற்றவர் ஒருவர், தம்மீது பழி விழுமோ என்ற அச்சத்தினாலேயே அதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். சோதனை உணர்ச்சி இருப்பதை மட்டுமே காட்டும். அதன் காரணத்தைத் தானாகச் சொல்லாது.

குடும்பத்தினரின் மறுமொழிகள்

யுங்கின் வழிகாட்டலில் எம்மா ஃபூர்சுட் என்னும் மருத்துவர் 24 குடும்பங்களைச் சேர்ந்த 100 பேரைச் சோதித்தார். உறவினர்களின் மறுமொழி வகைகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தன. ஒரு தாயும் அவருடைய 16 வயது மகளும் பல சொற்களுக்கு ஒரே வகை மறுமொழிகளைக் கூறினர். நீண்ட மணவாழ்வின் ஏமாற்றங்கள் தாயின் மறுமொழிகளை உருவாக்கியிருந்தன. அத்தகைய வாழ்வை இன்னும் காணாத மகளும் அவ்வாறே மறுமொழி கூறியதை யுங் கவலையுடன் குறிப்பிட்டார். பெற்றோரின் மனப்பாங்கு பிள்ளைகளின் வாழ்வை முன்கூட்டியே வடிவமைக்கக்கூடும் என்பது இதிலிருந்து அவர் பெற்ற முடிவு.

பிராய்டுடன் தொடர்பு

1906 இல் யுங் தம் சொல் இணைவு ஆய்வுகளைச் சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். விரும்பத்தகாத எண்ணங்கள் நனவிலிருந்து அடக்கப்படுகின்றன என்ற பிராய்டின் கருத்துக்கு இவ்வாய்வுகள் அளவீட்டுச் சான்றாக அமைந்தன. இருவரும் 1907 இல் வியன்னாவில் சந்தித்தனர். 1909 இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் இருவரும் விரிவுரையாற்றினர். யுங்கின் உரைகளுள் சொல் இணைவு முறை முதன்மை இடம் பெற்றது. 1910 இல் பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் முதல் தலைவரானார். பாலுந்தலின் இடம் குறித்த கருத்து வேறுபாட்டால் 1913 இல் இவர்களின் நட்பு முறிந்தது.

பிற்காலப் பணிகள்

1921 இல் உளவியல் வகைகள் என்ற நூலை வெளியிட்டார். அகமுகர், புறமுகர் என்ற பாகுபாடும், சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கு செயற்பாடுகளும் இதில் விளக்கப்பட்டன. அமெரிக்கரான கேத்தரின் பிரிக்சும் அவர் மகள் இசபெல் மையர்சும் இந்நூலைத் தழுவியே மையர்சு-பிரிக்சு ஆளுமை வகைச் சோதனையை உருவாக்கினர்.

1937 இன் இறுதியில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக இந்தியா வந்தார். இலங்கையில் கண்டி தலதா மாளிகையையும் கண்டார். திருவண்ணாமலை சென்று ரமண மகரிசியைச் சந்திக்கவில்லை. எனினும் ரமணரைப் பற்றி ஐன்ரிக் சிம்மர் எழுதி 1944 இல் வெளியான நூலுக்கு முன்னுரை வழங்கினார்.

விமர்சனங்கள்

1933 இல் நாட்சிகள் ஆட்சிக்கு வந்தபின், உளமருத்துவச் சங்கம் ஒன்றின் தலைமையை யுங் ஏற்றதும், யூதர்களின் உளவியல் வேறுபட்டது என 1934 இல் எழுதியதும் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. யூத உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் சங்கத்தில் நீடிக்க அவர் வழிசெய்தார் என்பதை ஆதரவாளர்கள் சுட்டுவர்.

மறைவும் தாக்கமும்

யுங் 1961 இல் கூசுனாக்ட்டில் காலமானார். நிறம், விலங்கு, கடல், காடு ஆகியவற்றைக் கேட்டவுடன் தோன்றுவதைக் கூறச் செய்து, அதற்குப் பொருள் சொல்லும் விளையாட்டுகள் பின்னர் பெருகின. சப்பானில் தோன்றிய கோக்காலசி நூல்கள் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகும். இவற்றில் விலங்கு என்றால் இது, கடல் என்றால் அது என ஒவ்வொரு குறியீட்டிற்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருள் முன்பே தரப்பட்டிருக்கும். யுங்கின் சோதனையில் அத்தகைய அகராதி எதுவும் இல்லை. எந்தச் சொல்லில் ஒருவர் தயங்கினார் என்பதை அது காட்டியது. ஏன் தயங்கினார் என்பதை அவரிடமே பேசி அறிய வேண்டியிருந்தது.