ஜூலியா மோர்கன்

ஜூலியா மோர்கன் (ஜனவரி 20, 1872 – பெப்ரவரி 2, 1957) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் ஆவார். பாரிஸ் நகரின் எக்கோல் டே போசார் என்னும் நுண்கலைக் கல்லூரியில் கட்டிடக்கலை பயில அனுமதி பெற்ற முதல் பெண் இவரே. கலிபோர்னியாவில் கட்டிடக்கலைஞருக்கான உரிமம் பெற்ற முதல் பெண்ணும் இவராவார். சுமார் 700 கட்டிடங்களை வடிவமைத்துள்ளார்.

இளமைக்காலம்

சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த மோர்கன், அருகிலுள்ள ஓக்லாந்தில் வளர்ந்தார். 1894 ஆம் ஆண்டில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியலில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அங்கே கட்டிடக்கலைத் துறை இருக்கவில்லை. பாரிசில் பயின்று திரும்பியிருந்த கட்டிடக்கலைஞர் பெர்னார்ட் மேபெக், இவரையும் அங்கு செல்லுமாறு ஊக்குவித்தார்.

பாரிசில் கல்வி

1896 ஆம் ஆண்டில் மோர்கன் பாரிசை அடைந்தபோது அக்கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை. பெண் ஓவியர், சிற்பிகள் சங்கத்தினர் இதற்கு எதிராகப் பல ஆண்டுகளாகப் போராடி வந்தனர். சங்கத்தை நிறுவியவரான சிற்பி எலேன் பெர்ட்டோ இதில் முன்னின்றார். 1897 இல் பெண்கள் நுழைவுத் தேர்வு எழுத அனுமதிக்கப்பட்டனர். ஆண் மாணவர்கள் பலர் இதனை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்தனர்.

அக்கல்லூரியின் கற்பித்தல் முறை இன்றைய கல்லூரிகளின் முறையிலிருந்து வேறுபட்டது. வடிவமைப்பைக் கல்லூரி நேரடியாகக் கற்பிக்கவில்லை. மாணவர்கள், அத்தெலியே எனப்படும் பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்ந்து, அதனை நடத்தும் கட்டிடக்கலைஞரிடம் பயில வேண்டும். கல்லூரி விரிவுரைகளையும் போட்டிகளையும் நடத்தியது. போட்டிகளில் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டே ஒருவர் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்புக்கு உயர முடியும். நுழைவுத் தேர்வில் கணிதம், விவரண வடிவியல், வரலாறு, வரைதல் ஆகியவற்றுடன், தனி அறையில் இருந்து குறித்த நேரத்துக்குள் ஒரு கட்டிடத்தை வடிவமைக்கும் தேர்வும் இருந்தது. தாய்மொழியல்லாத பிரெஞ்சு மொழியில் இவை அனைத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

மோர்கன் முதலில் மார்செல் டி மோங்க்லோ என்பவரின் அத்தெலியேயில் பயின்றார். 1897 இல் எழுதிய முதல் தேர்வில், சேர்த்துக்கொள்ளப்படும் எண்ணிக்கைக்குள் இவரது இடம் அமையவில்லை. 1898 இல் மீண்டும் எழுதியபோதும் இடம் கிடைக்கவில்லை. இளம் பெண்களை ஊக்குவிக்க விரும்பாமல் தேர்வாளர்கள் வேண்டுமென்றே தமது புள்ளிகளைக் குறைத்துவிட்டதாகத் தாம் அறிந்ததை இவர் கடிதம் ஒன்றில் தெரிவித்துள்ளார். எனினும் நாடு திரும்பாமல் அதே ஆண்டின் பிற்பகுதியில் மூன்றாம் முறையாக எழுதி, 13 ஆவது இடத்தைப் பெற்றார். இவ்வளவு உயர்ந்த இடத்தில் தேறியவரை மறுப்பது தேர்வாளருக்கு எளிதன்று.

அனுமதி கிடைத்தபோது இவருக்கு வயது 26. முப்பது வயதைக் கடந்தவர்கள் அங்கே மாணவராக இருக்க முடியாது என்பது விதி. ஆகவே நுழைவுக்காகச் செலவான ஆண்டுகள் படிப்புக்குரிய காலத்தைக் குறைத்துவிட்டன. ரோம் பரிசு பெற்றவரான பிரான்சுவா-பெஞ்சமின் சோஸ்மிஷ் இவரைத் தமது அத்தெலியேயில் சேர்த்துக்கொண்டார். பலர் கூடுதலான காலம் எடுத்துக்கொள்ளும் போட்டிகளை இவர் மூன்றாண்டுகளை ஒட்டிய காலத்தில் முடித்தார். அரண்மனை ஒன்றுக்கான அரங்கு இவரது இறுதி வடிவமைப்புகளுள் ஒன்று. 1902 இன் தொடக்கத்தில், வயது வரம்பை எட்டிய வேளையில், கட்டிடக்கலையில் அக்கல்லூரியின் சான்றிதழைப் பெற்ற முதல் பெண்ணானார்.

தொழில் வாழ்க்கை

நாடு திரும்பிய மோர்கன், பெர்க்லி பல்கலைக்கழக வளாகத் திட்டத்தில் ஜான் கேலன் ஹோவர்டின் கீழ்ப் பணியாற்றினார். 1904 இல் உரிமம் பெற்றுத் தனி அலுவலகம் தொடங்கினார். அவ்வாண்டில் மில்ஸ் கல்லூரிக்காக வலுவூட்டிய காங்கிறீற்றில் இவர் கட்டிய மணிக்கோபுரம், 1906 ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் சேதமின்றி நின்றது. வரலாற்றுப் பாணிகளைக் கையாளும் பாரிஸ் பயிற்சியும் பெர்க்லியில் கற்ற பொறியியலும் இக்கோபுரத்தில் ஒன்றுசேர்ந்துள்ளதைக் காணலாம். நிலநடுக்கத்தை அடுத்துத் தீக்கிரையான பேர்மொன்ட் விடுதியைச் சீரமைக்கும் பணியும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ப் ஹேர்ஸ்டுக்காக சான் சிமியனில் அமைத்த ஹேர்ஸ்ட் மாளிகையே இவரது கட்டிடங்களுள் மிகவும் அறியப்பட்டது. இப்பணி 1919 முதல் 1947 வரை நீடித்தது. இளம் பெண்கள் கிறித்தவச் சங்கத்துக்காகவும் பல கட்டிடங்களை வடிவமைத்தார். அசிலோமார் முகாம் அவற்றுள் ஒன்று.

1951 இல் இவரது அலுவலகம் மூடப்பட்டது. 1957 இல் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் 2014 ஆம் ஆண்டில் இவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் எந்தப் பெண்ணுக்கும் அப்பதக்கம் வழங்கப்பட்டதில்லை.