ஜெயித்தும் தோற்ற ஹன்னிபால்

போன வாரம் செஸ்ஸில் எதிராளியின் ராணியை வெட்டித் துள்ளினேன். ஆட்டத்துல தோத்துட்டேன்! அப்போ ஹன்னிபால் ஞாபகம்தான் வந்தது.

கி.மு. 247-ல் கார்த்தேஜில் பிறந்தவர். கி.மு. 218-ல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் புகுந்தார். கி.மு. 216-ல் கன்னே களத்தில் தன் நடுப்படையை மெல்லப் பின்வாங்க வைத்து, பெரிய ரோமப் படையைச் சுற்றி வளைத்து அழித்தார். இதுதான் உத்தி. அன்றைய களத்தை ஜெயிக்கும் வழி.

ஆனா ரோம் பணியலை. அவரோடு நேரே மோதாமல் இழுத்தடித்தது. புதுப்படை திரட்டியது. ஸ்கிப்பியோ ஆப்பிரிக்காவுக்கே படையோடு போனார். ஊரைக் காக்கத் திரும்பிய ஹன்னிபால் கி.மு. 202-ல் ஜாமாவில் தோற்றார். ரோமிடம் இருந்தது திட்டம். முழுப்போரையும் ஜெயிக்கும் கணக்கு.

கடைசியில் ரோமிடம் பிடிபடாமலிருக்க, அந்நிய மண்ணில் விஷம் குடித்து இறந்தார்.

நானும் ராணியையே பார்த்து ராஜாவை மறந்துட்டேன். நீங்க மறந்துடாதீங்க நண்பர்களே!