ஊர் திரும்பாத டாக்டர் சுப்பாராவ்

மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில் இருக்கும் மார்டள்ளி, தமிழர்கள் நிறைந்த கிராமம். அங்கே ஒரு பெண் கருவுற்றாலும் சரி, பெங்களூரில் ஒரு குமாஸ்தாவின் மனைவி கருவுற்றாலும் சரி, அரசு சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை ஒன்றுதான். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அது.

அந்த ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர், சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். பிழைப்பும் படிப்பும் தேடிக் கடல் கடந்து போனவர். அவர் பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓடிய சிறுவன்

1895 ஜனவரி 12-ந் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். ஏழைக் குடும்பம். பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினான். தாயார் வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். நகையை விற்றுப் படிக்க வைத்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகள் கதர் உடுத்தச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கியோடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் அவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அவர் வீட்டிலும் இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் இளம் வயதில் பலியானார்கள். தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றி, ஆளை உருக்கிவிடும் நோய் அது. அன்று அதற்கு மருந்து கிடையாது. சுப்பாராவையும் அந்த நோய் பிடித்தது. அவர் தப்பித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை

மாமனாரின் உதவியோடும் அறக்கட்டளை ஒன்றின் உதவியோடும் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உள்ள பாஸ்டனுக்குப் போனார். மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுச் சென்றார். ஒரே மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான்.

பகலில் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவும் வேலை. இங்கே டாக்டர் பட்டம் பெற்றவர், அங்கே அந்த வேலையைக் கூசாமல் செய்தார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து உடம்பின் ரசாயனத்தை ஆராய்ந்தார். ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1925-ல் இருவரும் வகுத்த முறை, உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவியது. தசைக்குள் சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளை 1927-ல் வெளியிட்டார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒரே மூச்சில் பாரத்தைத் தோளில் ஏற்றும்போது, முதல் சில விநாடிகளுக்குக் கைகொடுப்பது இந்தச் சேமிப்புதான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான உயர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

எட்டு வருஷம், நான்கு மருந்துகள்

பம்பாய் மில்களில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் ரத்தசோகையால் மடிவதை, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார். ஈஸ்ட் சாரம் கொடுத்தால் அவர்கள் தேறுவதையும் 1931-ல் எழுதினார். அந்தச் சாரத்தில் இருந்த உயிர்ச்சத்து எது என்று அப்போது தெரியவில்லை. அதுதான் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழு 1940-களின் மத்தியில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களும் தேறினார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து வந்துவிட்டது. அவர்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

ஃபோலிக் அமிலம் இல்லாமல் உடம்பில் புதிய அணுக்கள் உண்டாக முடியாது. புற்றுநோய் அணுக்களுக்கும் அது வேண்டும். அப்படியானால் அதைப் போலவே தோற்றமுள்ள போலிப் பொருளைக் கொடுத்தால் என்ன? பூட்டுக்குள் தவறான சாவி சிக்கிக்கொண்டால் சரியான சாவி நுழையாது அல்லவா? அப்படிப்பட்ட ரசாயனங்களைச் சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. அந்தத் தணிவு நீடிக்கவில்லை. ஆனாலும் புற்றுநோயை மருந்தால் மடக்கலாம் என்று 1948-ல் உலகம் அறிந்தது. அதே குடும்பத்து மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் தரப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன சிப்பாய்களை யானைக்கால் நோய்க் கிருமி பிடித்தது. அதற்காகத் தேடி, 1947-ல் ஹெட்ரசான் என்ற மருந்தை அவர் குழு வெளியிட்டது. கும்பகோணத்திலும் குல்பர்காவிலும் வீடு வீடாகக் கொடுத்த டி.ஈ.சி. மாத்திரை அதுதான். வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. ரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளை அழித்து, நோய் அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும்.

நான்காவது ஆரியோமைசின். எழுபது வயது கடந்த டக்கர் என்ற தாவர விஞ்ஞானியை வேலைக்கு வைத்து, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைச் சுப்பாராவ் ஆராயச் செய்தார். அப்படிக் கிடைத்த மருந்து இது. டெட்ராசைக்கிளின் குடும்பத்தில் மூத்தது. 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி பரவி, வெளியூர்த் தொழிலாளர்கள் ரயில் ரயிலாக ஓடியபோது, மக்களுக்குக் கொடுத்தது டெட்ராசைக்கிளின் மாத்திரைதான்.

வந்து சேர்ந்தது

இவை எதையும் அவர் தனி ஆளாகச் செய்யவில்லை, பலருடைய உழைப்பு. புகழைப் பங்கிட்டபோது அவர் முன்னால் போய் நின்றதும் இல்லை. நோபல் பரிசு கிடைக்கவில்லை. அமெரிக்கக் குடிமகனாகவும் ஆகவில்லை.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது இந்தியா சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. சுதந்திர நாட்டை அவர் கண்ணால் பார்க்கவில்லை. கடல் கடந்து போனவர் ஒரு முறைகூட ஊர் திரும்பவில்லை. 1995-ல், நூற்றாண்டின்போது, இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

வெளியூர் போனவன் வீட்டுக்கு மணியார்டர் அனுப்புவான். சுப்பாராவ் அனுப்பியது மாத்திரை. அதை வாங்கி விழுங்கும் தாய்மார்களில் பலருக்கு, அனுப்பியவர் பெயர் தெரியாது.