தூண்டில் ஆசான் ஐசக் வால்ட்டன்

ஆங்கில நாட்டு ஸ்டாபோர்டு நகரில் 1593-ஆம் ஆண்டு பிறந்த ஐசக் வால்ட்டன், இலண்டன் மாநகரில் வாணிகம் செய்து வாழ்ந்தவர். ஐம்பது வயதிற்குள் முதல் மனைவியையும் அவர் பெற்ற மக்கள் அனைவரையும் கூற்றுவனுக்குப் பறிகொடுத்தார். ஆயினும் 1653-இல் அவர் வெளியிட்ட தூண்டிற்கலை நூலிற் கசப்பின் சாயலை நாம் காண்கிலோம். ஆற்றங்கரையில் ஆசான் மாணாக்கனுக்குக் கற்பிக்கும் இனிய உரையாடலே அந்நூல்.

அவரினும் முப்பத்தேழு ஆண்டு இளையவரான சார்லஸ் காட்டன் அவரைத் தந்தையெனவே போற்றினார். குன்றுகளினூடே ஓடும் டவ் ஆற்றங்கரையில் 1674-இல் மீன்பிடி மனையொன்று கட்டி, இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் வாயிலிற் பின்னிப் பொறித்தார். அத்தெளிந்த நீரிற் செயற்கை ஈயால் டிரௌட் மீன் பிடிக்கும் முறையைக் காட்டன் எழுத, 1676-இல் அது வால்ட்டன் நூலோடு சேர்ந்து வெளிவந்தது.

1683-இல், 90-ஆம் வயதில், வால்ட்டன் மறைந்தார். மக்களை இழந்த அவர் மாணாக்கனிடத்து மகனைக் கண்டார்; கற்கும் நாமும் அத்தகைய மக்களாதல் வேண்டுமன்றோ?