அலைமேல் அமைந்த இல்லறம்
(அன்னா பிராசி அம்மையார் வாழ்க்கை வரலாறு)

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தன் மனைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் வரையறுத்தார். காலில் பிரிவு, கலத்தில் பிரிவு என்று உரையாசிரியர்கள் பிரிவை இருவகையாக்கி விரித்துரைத்ததும் அந்த வரையறையை ஒட்டியே. கடலில் தலைவன், கரையில் தலைவி என்பதே நம் பாடல்களின் அடிப்படை. உலகின் பிற நாடுகளிலும் நெடுங்காலம் இதுவே நடைமுறை. ஆகவேதான், கணவனோடும் மக்களோடும் ஒரு பாய்மரக் கப்பலையே வீடாக்கிக்கொண்டு உலகைச் சுற்றிவந்த ஒரு பெண்மணியின் வாழ்வு இலக்கிய அன்பர்களின் கருத்துக்கு உரியதாகிறது. அஞ்செட்டி மலைச்சாரலில் தொட்டள்ளா ஆற்றையும் ஒகேனக்கல் பரிசலையும் மட்டுமே கண்டு பழகிய நமக்குக் கடல் வாழ்க்கை புதிது. புதியதை அறியும் ஆவலோடு இதனை அணுகலாம்.

அன்னா 1839ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஜான் ஆல்நட். தாயை இளமையிலேயே இழந்த அன்னா, தந்தையின் நிழலில் வளர்ந்தார். மூச்சுக்குழல் நோய் இளமை முதலே உடன் வந்தது. கன்னிப் பருவத்தில் ஆடையில் தீப்பற்றி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கவும் நேர்ந்தது. இத்தகைய உடல்நிலை கொண்டவர் பின்னாளில் கடலோடியானார் என்பது வியப்பே.

1860இல் தாமஸ் பிராசியை மணந்தார். தாமசின் தந்தை பெரும் இரயில்பாதை ஒப்பந்தக்காரர். ஐரோப்பிய நாடுகளில் மட்டுமன்றி நம் நாட்டிலும் கிழக்கு வங்காள இரயில்பாதைப் பணியில் அவருக்குப் பங்குண்டு. அந்தச் செல்வமே பின்னர் கப்பலாயிற்று. மகன் தாமஸ் 1868 முதல் ஹேஸ்டிங்ஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆயினும் அவர் மனம் முழுவதும் கடலிலேயே இருந்தது. கப்பல் தலைவருக்குரிய அரசுத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்று, தம் கலத்தைத் தாமே செலுத்தினார். அத்தகைய கணவரைக் கரையிலிருந்து வழியனுப்பிவிட்டுக் காத்திருக்க அன்னா விரும்பவில்லை. பிரிவைத் தவிர்க்க அவர் கண்ட வழி, தாமும் கப்பலேறுவது.

அக்கப்பலின் பெயருக்குப் பின்னே ஒரு துயரம் உண்டு. அவர்களின் மகள் கான்ஸ்டன்ஸ் 1873இல் செங்காய்ச்சலுக்குப் பலியானாள். வயது ஐந்துகூட நிரம்பவில்லை. கதிரொளி என்னும் பொருள்படும் 'சன்பீம்' என்பது வீட்டில் அவளுக்கு வழங்கிய செல்லப்பெயர். மறு ஆண்டு லிவர்பூல் அருகே கட்டப்பட்ட தங்கள் கப்பலுக்குப் பெற்றோர் அப்பெயரையே சூட்டினர். முகப்பில் பொன்முலாம் பூசிய குழந்தை உருவம் ஒன்று அமைந்தது. மூன்று பாய்மரங்கள், இரும்புச் சட்டத்தின்மேல் தேக்குப்பலகை, காற்று ஓய்ந்தபோது உதவ ஒரு நீராவி எந்திரம், 532 டன் கொள்ளளவு. இறந்த மகளின் பெயர் தாங்கிய மரக்கலத்தில்தான் எஞ்சிய நான்கு மக்களோடும் அத்தம்பதியர் குடியேறினர்.

1876 ஜூலைத் தொடக்கத்தில் உலகப் பயணம் தொடங்கியது. மாலுமிகள், பணியாளர், நண்பர், குடும்பத்தார் என மொத்தம் 43 பேர். கடைக்குட்டி மேரிக்கு அப்போது வயது ஒன்றே. கணவர் காற்றையும் விண்மீனையும் கணித்துத் திசை வகுக்க, மனைவியோ கப்பலுக்குள் ஒரு குடும்பத்தை நடத்தினார். பிள்ளைகளின் படிப்பு, நோயுற்றோர்க்கு மருந்து, துறைமுகந்தோறும் காய்கறியும் பழமும் வாங்கிச் சேர்த்தல், விருந்தினரை வரவேற்றல் எனப் பணிகள் பல. ஞாயிறுதோறும் மாலுமிகள் கூட, தாமஸ் வழிபாட்டை நடத்துவார். இத்தனைக்கும் நடுவே அம்மையார் தந்தைக்கு நாட்குறிப்பு வடிவில் மடல் வரைந்துகொண்டிருந்தார். கப்பல் சற்றே உருளத் தொடங்கினால் தலைச்சுற்றலும் குமட்டலும் அவரை வாட்டின. எத்தனை பயணங்கள் சென்றபோதும் அத்தொல்லை அவரை முற்றிலும் விட்டதில்லை. எழுத்தில் காணும் உற்சாகத்தைக் கொண்டு அவரை நலமிக்க உல்லாசப் பயணி என்று எண்ணிவிடுதல் பெரும்பிழை.

புறப்பட்ட சில நாள்களிலேயே கடல் தன் இயல்பைக் காட்டியது. பேரலை ஒன்று தளத்தின்மேல் பாய்ந்து மூத்த மகள் மேபெல்லை அடித்துச் செல்லப் பார்த்தது. உடனிருந்த மாலுமி அறிஞர் லெக்கி, பாய்க்கயிற்றைத் தம் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அவளை இறுகப் பற்றியிருந்தமையால் இருவரும் பிழைத்தனர். காற்று தணிந்தது என மகிழ்ந்து அன்னா தம் அறையின் மேற்சாளரத்தைத் திறந்து வைத்து உறங்க, மற்றோர் அலை அதன் வழியே படுக்கைமேல் கொட்டியது. வீட்டுக் கூரை ஒழுகினால் ஒதுங்க அண்டைவீடு உண்டு, கடலில் அதுவுமில்லை.

செப்டம்பர் இறுதியில் பட்டகோனியாக் கரைக்கு அப்பால், நிலக்கரிச் சுமையில் தீப்பற்றிப் புகைந்துகொண்டிருந்த 'மாங்க்ஸ்ஹேவன்' என்னும் கப்பலைக் கண்டனர். அதிலிருந்த 15 பேரையும் தம் கலத்தில் ஏற்றிக்கொண்டனர். 43 பேருக்கென வகுத்த உணவும் நீரும் இப்போது 58 பேருக்குப் பகிரப்படவேண்டும். விருந்தோம்பலைக் கணக்கிட்டுச் செய்யவேண்டிய நிலை அது. மகெல்லன் நீரிணையில் எதிர்ப்பட்ட அஞ்சல் கப்பலில் அவர்களை ஏற்றியனுப்பும்வரை அப்பொறுப்பு நீடித்தது.

சிலி நாட்டின் வால்பரைசோவிலிருந்து தாகித்தித் தீவு வரை ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பசிபிக் பெருங்கடலின் பரப்பில் சென்றனர். அவ்வளவு நெடிய தனிமையில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணையாயினர் என்பதை அன்னா விரித்து எழுதவில்லை. அக்கால நாகரிகம் அதற்கு இடந்தரவில்லை போலும். அவர் நூலில் கணவர் பெரும்பாலும் கப்பலைச் செலுத்துபவராகவே தோன்றுகிறார். ஆயினும் காற்று மாறிய வேளைகளையும் பாய்களைச் சுருக்கிய பொழுதுகளையும் அவர் பிழையறப் பதிந்திருக்கும் பாங்கில், கணவரின் கலையைக் கூர்ந்து கற்ற ஒருவரைக் காண்கிறோம். எனக்கு அதுவே அவர் எழுதாமல் விட்ட காதல் அதிகாரமாகப் படுகிறது.

ஹவாய், ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு வழியாக இலங்கையை அடைந்து, கொழும்பும் கண்டியும் கண்டு, சூயஸ் கால்வாய் வழியே 1877 மே மாத இறுதியில் தாயகம் திரும்பினர். தந்தைக்கு எழுதிய மடல்கள் மறு ஆண்டு நூலாயின. அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பல மொழிகளில் பெயர்க்கவும்பட்டது. கடலை அறியாத இல்லத்தரசியர் அதனை ஆவலுடன் படித்தனர். அவர் புகழுக்கு அதுவே காரணம். புயலையும் எரிமலையையும் போலவே சமையலறைக் கவலையையும் குழந்தையின் காய்ச்சலையும் அதே அக்கறையோடு எழுதினார்.

குறையும் கூறவேண்டும். அக்கப்பலில் சமைத்தவரும் துணி வெளுத்தவரும் பாய் இழுத்தவரும் வேறு பலர். அவர்கள் கதை அந்நூலில் ஓரமாகவே நிற்கிறது. ஏகாதிபத்தியத்தின் உச்சநாளில் ஆளும் நாட்டுச் சீமாட்டியின் கண்கொண்டே அவர் கீழை நாடுகளைப் பார்த்தார். கண்ட பொருளையெல்லாம் வாங்கிக் குவித்தார். நிழற்படக்கலை பயின்று அவர் திரட்டிய படத்தொகுப்புகள் 70, இன்று கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் உள்ளன. பஞ்சாபைச் சேர்ந்த கைவினைஞர் 1886ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சிக்காகச் செதுக்கிய தர்பார் மண்டபத்தைப் பிராசி குடும்பம் வாங்கியது. அது இப்போது ஹேஸ்டிங்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1886 நவம்பரில் கப்பல் மீண்டும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. தாமஸ் அவ்வாண்டில் பிரபுப் பட்டம் பெற்றிருந்தார். 1887 தொடக்கத்தில் பம்பாய், ஹைதராபாத் முதலிய ஊர்களைக் கண்டபின் இலங்கை, பர்மா, போர்னியோ வழியே ஆஸ்திரேலியா சென்றனர். நுரையீரல் நோயோடு மலேரியாவும் சேர்ந்துகொண்டது. ஆயினும் ஊர்தோறும் முதலுதவிச் சங்கம் அமைக்க வேண்டிப் பேசிவந்தார். ஆகஸ்டு இறுதியில் நாட்குறிப்பு நின்றது. டார்வின் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு வாரத்தில், செப்டம்பர் 14ஆம் நாள், தம் 47ஆம் வயதில் நடுக்கடலில் உயிர்நீத்தார்.

கரை வெகுதூரம். தென் அட்சரேகை 15 பாகை 50 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 110 பாகை 38 கலையில், கதிரவன் மறையும் வேளையில் அவருடல் கடலுக்குள் இறக்கப்பட்டது. பின்னர் தாமஸ் தாமே கலத்தைச் செலுத்தித் தாயகம் சேரவேண்டியிருந்தது. பொழுதுதோறும் கப்பலின் நிலையைக் கணித்துக் குறிக்கும் அதே கை, அன்று மனைவியின் அடக்கத்தலத்தையும் எண்களாகவே குறித்தது. அன்னா விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு இறுதிப் பயண நூல் 1889இல் வெளிவந்தது.

தாமஸ் பின்னர் மறுமணம் புரிந்தார். 1895 முதல் விக்டோரியா மாநில ஆளுநராகவும் இருந்தார். முதல் உலகப்போரின்போது காயமுற்றோரைச் சுமந்த சன்பீம் கப்பலை, 1916இல் மருத்துவப் பணிக்கென இந்திய அரசுக்கே வழங்கினார். அவர் 1918இல் மறைந்தார். 1929இல் கப்பல் உடைக்கப்பட்டது. முகப்பிலிருந்த பொன்முலாம் பூசிய குழந்தை உருவம் மட்டும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது.